பதினாலாம் பக்கம்

உலகத்தில் உள்ள எல்லாத் துறைகளிலும் நூல் எழுதி, ஒரு துறையிலும் ஒருவராலும் படிக்கப்படாத ஒரே அறிஞர் எங்கள் திண்டுக்கல்லில்தான் வாழ்ந்தார் என்று நான் எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்வேன். அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது. தெரியாத விஷயம் ஏதாவது தப்பித்தவறி எதிரே வந்துவிட்டால், அடுத்த மாதம் அதைப் பற்றி ஒரு நூல் வந்துவிடும். மனிதர்கள் என்னை ஆச்சரியப்படுத்தியிருக்கிறார்கள், எரிச்சல்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் வாரத்துக்கு இரண்டு தடவையாவது தூக்கிவாரிப் போட வைத்தவர் இவர் ஒருவர்தான்.

ஐம்பதுகளின் கடைசியில் நாகல் நகரில் ஒரு டுட்டோரியலில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் கோட்டை விட்டவர்களைக் கரையேற்றுகிற இடம். முதல் நாள், பாடவேளை இல்லாத நேரத்தில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து ஒரு கொட்டாவி விட்டேன். எதிர் நாற்காலியில் இருந்தவர் பாய்ந்து வந்து என் முகத்துக்கு அரை அடி தூரத்தில் நின்றார்.

"கணக்கு சார், இப்ப ஒண்ணு விட்டீங்களே, கண்ண மூடிக்கிட்டு விட்டீங்களா, தெறந்துக்கிட்டா?"

"தெரியலையே சார்."

"சொந்தக் கொட்டாவியே தெரியலைன்னா புள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுப்பீங்க? 'கொட்டாவி: காரணமும் நிவாரணமும்'. பதினாலாம் பக்கம். படிச்சிட்டு வாங்க, பேசுவோம்."

கையில் ஒரு சிறு புத்தகத்தைத் திணித்தார். ரோஜா நிற அட்டை. கல்யாணப் பத்திரிகைக்கு வாங்கி மிஞ்சிய அட்டை என்பது பிற்பாடு தெரிந்தது. அதன் மூலையில் இரண்டு கிளிகள் மாலையைக் கவ்விக்கொண்டிருந்தன. கொட்டாவிக்கும் கிளிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாயெடுத்தேன். ஆள் அதற்குள் வகுப்புக்குப் போய்விட்டார். அவர் எடுத்தது சரித்திரம்.

அவருக்கென்று அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. பிள்ளைகளுக்கு, டீக்கடைக்காரருக்கு, தபால்காரருக்கு, எல்லாருக்கும் அவர் 'பதினாலாம் பக்கம்'தான். காரணம் இருக்கிறது. அவருடைய நூல்கள் அத்தனைக்கும் பதினாறு பக்கம்தான், ஒரு பக்கம் கூடாது, குறையாது. கடைசி இரண்டு பக்கத்தில் 'இவ்வாசிரியரின் பிற நூல்கள்' பட்டியல் வரும். ஆகவே முடிவுரை எப்போதும் பதினாலாம் பக்கத்தில் வரும். அதற்கு முந்தின பதின்மூன்றாம் பக்கத்தில் எழுத்தே இருக்காது. அவருடைய படம் மட்டும் இருக்கும். கோட்டுப் போட்டு, கன்னத்தில் விரலை ஊன்றி, தூரத்தில் எதையோ பார்க்கிற மாதிரி.

"படத்த எல்லாரும் முன்னாடிதானே போடுவாங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"முடிவு சொல்லப் போறவன் யாருன்னு ஒருதரம் மூஞ்சியப் பாத்துக்கிட்டுப் பக்கத்தத் திருப்பட்டும்னுதான்" என்றார். இந்த வரியை மறந்துவிடாதீர்கள். பின்னால் வம்பு முழுக்க இதிலிருந்துதான் வந்தது.

அவர் எழுதிய துறைகளைச் சொன்னால் நான் கதை விடுகிறேன் என்பீர்கள். 'பூட்டும் மனித மனமும்'. 'சந்திரனில் மழை பெய்யுமா?' 'மூக்குப்பொடியால் சாம்ராஜ்யங்கள் சரிந்த வரலாறு'. 'பஸ் படியும் வலது காலும்'. கடைசியாகச் சொன்னதற்காக பஸ் ஸ்டாண்டில் நாலு நாள் உட்கார்ந்து, ஏறுகிறவர்கள் எந்தக் காலை முதலில் வைக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் ஒரு பருத்த மனிதர் வேட்டியோடு விறுவிறுவென்று ஏறினார். கால் சரியாகத் தெரியவில்லை. இவர் எட்டி அந்தக் காலைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, செத்த நேரம் இருங்க. இது முதக் காலா, ரெண்டாங் காலா?"

பருத்த மனிதர் மப்டியில் இருந்த சப்-இன்ஸ்பெக்டர்.

விஷயம் தெரிந்து நானும் டுட்டோரியல் முதலாளியும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். ஆளை உள்ளே தள்ளியிருப்பார்கள் என்று பயந்துகொண்டே போனால், ஸ்டேஷன் பெஞ்சில் அவர் கால்மேல் கால் போட்டு டீ குடித்துக்கொண்டிருக்கிறார். எதிரே சப்-இன்ஸ்பெக்டர் ஒரு தடித்த நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்! எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

அந்த நோட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் மேற்கோள் நோட்டு. பெரிய அறிஞர்களை மற்ற அறிஞர்கள் தங்கள் நூல்களில் மேற்கோள் காட்டுவார்கள், அதை வைத்துத்தான் ஒருவருடைய பெருமையை அளப்பார்கள் என்று எங்கேயோ படித்திருக்கிறார். இவரை மேற்கோள் காட்ட ஊரில் நூல் எழுதுகிறவர் யாருமில்லை. அதனால் வாயால் சொன்னாலும் சேரும் என்று சட்டத்தைத் தளர்த்திக்கொண்டார். யாராவது அவர் நூலின் பெயரையும் பக்கத்தையும் வாய்விட்டுச் சொன்னால் போதும், நோட்டை நீட்டுவார். யார், எந்த நூல், எந்தப் பக்கம், எந்த இடத்தில், கையெழுத்து. சப்-இன்ஸ்பெக்டர் இவர் பையிலிருந்த கையெழுத்துப் பிரதியைப் பிரித்து, "என்னய்யா இது, 'பஸ் படியும் வலது காலும்', பதினாலாம் பக்கம், உளறி வச்சிருக்கே" என்று வாய்விட்டு வாசித்திருக்கிறார். மாட்டிக்கொண்டார்.

"சார், அவரு உங்களத் திட்டுனாருல்ல?" என்றேன் வழியில்.

"திட்டுனா என்ன? நூல் பேரு சொன்னாரு. பக்கம் சொன்னாரு. படிக்காம திட்ட முடியுமா?"

இந்த விதியில் நோட்டு நிறைய வசவுகளாக நிறைந்தது. முதலாளி ஒருமுறை வகுப்பு நடக்கும்போதே உள்ளே வந்து, "சரித்திரம் நடத்தச் சொன்னா சந்திரன்ல மழை பெய்யுமா, பதினாலாம் பக்கம்னு கத விட்டுக்கிட்டு இருக்கீரு!" என்று கத்தினார். நாற்பது பிள்ளைகள் முன்னிலையில் நோட்டு நீட்டப்பட்டது. முதலாளி கோபத்தில் கையெழுத்தை அழுத்திப் போட்டதில் பேனா முள் வளைந்துவிட்டது.

நான் மட்டும் போடவில்லை. கணக்குப் படித்தவனுக்கு ஒரு நெஞ்சழுத்தம் உண்டு. என்ன ஆனாலும் அந்த நோட்டில் என் கையெழுத்து ஏறாது என்று முதல் மாதத்திலேயே முடிவு செய்துவிட்டேன். நாலு வருஷம் அவர் எதிரில் 'பதினாலு' என்ற எண்ணையே சொல்லாமல் காலம் தள்ளினேன். வாய்ப்பாடு சொல்லும்போதுகூட அவர் வராந்தாவில் வந்தால் ஏழாம் வாய்ப்பாட்டில் ஒரு வரியை விட்டுத் தாண்டினேன்.

கையெழுத்துப் போடாத இன்னொருவர் அவர் மனைவி கனகம் அக்கா. நூல்களைத் தைப்பது அக்காதான். ஒரு சின்ன அச்சாபீஸில், காலால் மிதிக்கிற மிஷினில், தாள் தாளாக அச்சடித்து மூட்டையாக வீட்டுக்கு வந்துவிடும். அக்கா சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்து, தாள்களை வரிசையாக அடுக்கி, ஊசி போட்டுத் தைப்பார்.

"நீங்களாவது ஒரு கையெழுத்துப் போடலாம்ல அக்கா?" என்றால், "நான் தைக்கிறவ தம்பி. படிக்கிறவ இல்ல" என்பார். அவர் பக்கத்தில் இவர் நோட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

தைத்து முடித்ததும் விநியோகம். பஸ் ஸ்டாண்டில் புறப்படுகிற பஸ்களின் ஜன்னல் வழியாக உள்ளே போடுவார். "வத்தலக்குண்டு வண்டிக்கு எட்டு, குஜிலியம்பாறை வண்டிக்குப் பத்து. எம்புட்டுத் தூரம் பஸ் போகுதோ அம்புட்டுத் தூரம் ஆராய்ச்சி போகும்." போனவை எல்லாம் என்ன ஆயின என்று அவர் யோசித்ததில்லை. நான் யோசித்திருக்கிறேன். கடலை வாங்கும்போது பொட்டலத்தைப் பிரித்தால் அவர் கன்னத்தில் விரலை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்ப்பார்.

இப்படி இருக்கையில் ஒருநாள் அவர் ஆசிரியர் அறைக்குள் வந்து ஒரு பத்திரிகையை என் மேஜையில் வைத்தார். வெளியூரில் அச்சாகிற விவசாய மாதப் பத்திரிகை. உள்ளே விவசாயக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் கட்டுரை. குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரிக் கடலை போடுகிறவர்கள், விதையை ஆவாரம்பட்டை ஊறிய நீரில் முக்கி எடுத்து விதைக்கிறார்கள், பூச்சி அண்டுவதில்லை என்று எழுதியிருந்தார். கீழே பொடி எழுத்தில்: 'காண்க: மானாவாரிக் கடலை, பக்கம் 14.' பக்கத்தில் இவருடைய உண்மையான பெயர். அன்றைக்குத்தான் அந்தப் பெயரை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

எனக்குத் தலை சுற்றியது. பொடி எழுத்தை நாலு தடவை படித்தேன். அச்சில்! முன்பின் தெரியாத ஒரு மனிதர்! திட்டாமல்!

"கணக்கு சார்" என்றார். "முப்பத்தொரு நூலு. பதினோரு வருசம். நான் ஆளக் கூப்புட்டுக் காட்டாம, நோட்ட நீட்டாம, அவராப் படிச்சு அவராப் போட்டிருக்காரு." நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு வாரத்தில் பேராசிரியரிடமிருந்து கடிதமும் வந்தது. குஜிலியம்பாறையில் விவசாயிகள் கூட்டம் வைத்திருக்கிறார். அதற்கு இவர் வர வேண்டும். கல்லூரியின் பிரசுரப் பகுதியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, இவர் பெயரைத் தாமே முன்மொழியப் போவதாகவும் எழுதியிருந்தார். நூல் எழுதுவதே வேலை! சொந்த அச்சகம்! டுட்டோரியலே கிறுகிறுத்துப் போனது. முதலாளி முதல் தடவையாக அவரை 'சார்' என்றார். அக்கா பத்திரிகையை வாங்கிப் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு மனுசன் இவரப் படிச்சிட்டான் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு பேகம்பூரிலிருந்து தோல்ஷாப்பு பாய் வந்தார். தோல் பதனிடுவதில் பழம் தின்று கொட்டை போட்டவர். முகம் சிவந்திருந்தது. கையில் இவர் எழுதிய 'ஆட்டுத்தோலும் ஆவாரம்பட்டையும்'.

"வாத்தியாரே, முப்பது வருசமா தோல் தொழில்ல இருக்கேன். இது புது டெக்னிக்கா இருக்கும்னு நம்பிச் செஞ்சேன். ரெண்டு நாளா ஒவ்வொரு தோலா காதுல வச்சுக் குலுக்கிப் பாக்குறேன். ஒரு சத்தமும் வரல. வேல பாக்குற ஆளுக பூரா என்னப் பாத்துச் சிரிக்கிறானுக!"

"தோலக் குலுக்குனீங்களா? ஏன் பாய்?"

"ஏனா? நீருதானே எழுதியிருக்கீரு! பதினாலாம் பக்கம்!"

நோட்டை எடுக்கக் கை போனதை நான் பார்த்தேன். பாதியிலேயே நின்றுவிட்டது. புத்தகத்தை வாங்கிப் பிரித்தார். பதின்மூன்றில் அவர் படம். திருப்பினார். 'காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்க வேண்டும். கலகலவென்று சத்தம் கேட்டால் நன்கு காய்ந்துவிட்டது என்று அறிக.'

அது கடலைக்கு எழுதினது.

அலமாரியிலிருந்து 'மானாவாரிக் கடலை'யை இழுத்தார். பதினாலாம் பக்கம்: 'ஆவாரம்பட்டையை இடித்து ஊறவைத்த நீரில் முக்கி எடுத்து நிழலில் உலர்த்தினால் பூச்சி அண்டாது.' இது தோலுக்கு எழுதினது. இரண்டு நூலும் ஒரே வாரத்தில் அச்சாகி, ஒரே மூட்டையில் வந்தவை. இரண்டிலும் அந்தத் தாளின் முன்பக்கத்தில் அதே கோட்டு, அதே விரல், அதே தூரப் பார்வை. தாள் மாறித் தைபட்டுவிட்டது. அவர் கடலை விதையைப் பட்டைத் தண்ணீரில் முக்கச் சொல்லவே இல்லை! பதினோரு வருஷத்தில் அச்சில் வந்த ஒரே மேற்கோள், அவர் எழுதாத விஷயத்துக்கு வந்திருக்கிறது!

"அச்சானதும் நீங்க ஒருதரம் படிச்சுப் பாக்க மாட்டீங்களா சார்?"

"எழுதினவன் படிச்சா அது மேற்கோள்ல சேராதே" என்றார் மெதுவாக.

முதலாளியும் நானும் பாயும் அவரைச் சூழ்ந்துகொண்டோம். "மூச்சு விடாதீங்க சார். யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். "டுட்டோரியலுக்கே பேரு வந்திருக்கு, கெடுத்துராதீரு" என்றார் முதலாளி. "நான் சொல்ல மாட்டேன் வாத்தியாரே. தோலக் குலுக்குனத வெளிய சொன்னா எனக்குத்தான் கேவலம்" என்றார் பாய்.

அவர் இரண்டு புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அக்காவாவது தடுக்கட்டும் என்று நானும் கூடவே போனேன். அக்கா இரண்டையும் வாங்கிப் புரட்டினார். முகம் வெளுத்துவிட்டது.

"நான்தான் மாத்தித் தச்சுட்டேனா? ரெண்டுலயும் உங்க மூஞ்சிதானே இருந்துச்சு. நான் என்னத்தக் கண்டேன்?"

"ஒம்மேல தப்பில்ல கனகம்" என்றார்.

அக்கா புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு கேட்டார்: "நீங்க எழுதாதத உங்க பேருல வச்சுக்குவீங்களா?"

அவர் தலையை ஆட்டினார்.

"அப்பறம் என்ன ரோசன? போயிச் சொல்லிட்டு வருவோம். நானும் வாரேன்."

தடுப்பார் என்று நினைத்துப் போன எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

குஜிலியம்பாறையில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். இருநூறு பேராவது இருக்கும். பேராசிரியர் ஒல்லியான, மூக்குக்கண்ணாடி போட்ட மனிதர். இவரை மேடையில் உட்காரவைத்து, சாமந்தி மாலை போட்டு, "கிராமத்து அனுபவத்தை ஆராய்ச்சி நோக்கோடு அணுகிய நண்பர்" என்று கால்மணி நேரம் புகழ்ந்தார். இவர் எழுந்தார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணாலேயே கெஞ்சினேன். என்னைப் பார்க்கவே இல்லை.

"அந்தப் பதினாலாம் பக்கத்த நான் கடலைக்கு எழுதல" என்றார். "ஆட்டுத்தோலுக்கு எழுதினேன். தைக்கும்போது தாள் மாறிப்போச்சு. ரெண்டு தாள்லயும் என் படத்தப் போட்டு வச்சிருந்தேன், யாரா இருந்தாலும் கொழம்பத்தான் செய்வாங்க. கடலைக்கு நான் எழுதினது, காதுல வச்சுக் குலுக்குங்கன்னு. அத பேகம்பூர்ல ஒருத்தரு தோலுக்குச் செஞ்சு பாத்துட்டாரு."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றினார்.

கூட்டத்திலிருந்து ஒரு விவசாயி எழுந்தார். "அப்பு, தோலுக்கோ வாலுக்கோ, எங்க கடலைக்கு இந்த வருசம் பூச்சி வரலல்ல? அதச் சொல்லுங்க!"

சிரிப்பு வெடித்தது. பேராசிரியர்தான் சிரிக்கவில்லை. "அப்ப இந்த முறையை நான் யார் பெயரில் எழுதுவது?" என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

இவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பெண்கள் பக்கம் கையை நீட்டினார். "தச்சவ பேருல எழுதுங்க. கனகம். என் சம்சாரம்."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பேராசிரியர் பையிலிருந்து பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். அன்று எனக்கு எத்தனையாவது அதிர்ச்சி என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

கூட்டம் கலைந்தபின் பேராசிரியர் இவரைத் தனியே அழைத்தார். "இதைக் கண்டுபிடித்தவர் என்றுதான் உங்கள் பெயரைச் சொல்லியிருந்தேன். இனி கல்லூரியில் அந்த வேலைக்கு நான் என்ன சொல்ல முடியும்?" என்றார் வருத்தத்தோடு.

"தெரியும் சார். நீங்க படிச்சதே பெருசு" என்றார் இவர்.

திரும்பி வருகிற பஸ்ஸில், வேடசந்தூர் தாண்டியதும் அவர் நோட்டை எடுத்தார். அந்த அச்சு மேற்கோளை மட்டும் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார். பஸ் குலுக்கலில் கோணல்மாணலாகக் குறுக்கே ஒரு கோடு அடித்தார். பிறகு புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பி, மேலே 'கனகம்' என்று எழுதி, அடிக்கோடிட்டார்.

என்னால் தாங்க முடியவில்லை. நாலு வருஷ வைராக்கியமும் போயே போய்விட்டது. நோட்டை வெடுக்கென்று பிடுங்கி, "உங்க பக்கத்துல நான் ஒரு கையெழுத்துப் போடுறேன் சார்" என்றேன்.

"எந்த நூலு?"

"எல்லா நூலும்."

"எந்தப் பக்கம்?"

எனக்கு அழுகை முட்டியது. நாலு வருஷம் விழுங்கிய அந்த எண் வாயில் வரவில்லை. அவர் நோட்டை மெதுவாக வாங்கிக்கொண்டார். "பக்கம் சொல்லாம செல்லாது கணக்கு சார். நம்ம நோட்டுல கள்ளக் கையெழுத்து வேணாம்." பின்சீட்டிலிருந்து அக்கா, "அவரு ஆசையாப் போடுறேங்கறாரு, விடுங்களேன்" என்றார். விடவில்லை.

அடுத்த மாதப் பத்திரிகையில் மூன்று வரியில் ஒரு திருத்தம் வந்தது. கனகம் அக்காவின் பெயர் அச்சில் இருந்தது. "எனக்கெதுக்கு இந்தக் கூத்து" என்று சிரித்த அக்கா, அதைக் கல்யாணச் சேலைக்கு அடியில் பெட்டியில் வைத்துப் பூட்டியதை நான் பார்த்தேன். அவர் அதற்குப் பிறகும் நூல் எழுதிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் பதின்மூன்றாம் பக்கம் வெறும் வெள்ளையாக வந்தது. கேட்டதற்கு, "கனகத்துக்குக் கொழப்பம் வரக்கூடாதுல்ல" என்றார். வெளியூர்ப் பேராசிரியர் யாரும் மறுபடி அவரைப் படிக்கவில்லை.

இரண்டு பேரும் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. நோட்டு யாரிடம் இருக்கிறதோ தெரியாது. இந்தக் கட்டுரையில் அவர் நூல்களின் பெயரைச் சொல்லிவிட்டேன், பக்கமும் சொல்லிவிட்டேன், அச்சிலும் வரப்போகிறது. அவர் போட்ட சட்டப்படி இது செல்லும். கூடவே பத்திரிகை ஆசிரியருக்குத் தனியாக ஒரு கடிதமும் வைத்திருக்கிறேன்: ஐயா, இடம் இருந்தால், தயவுசெய்து இதைப் பதினாலாம் பக்கத்தில் போடுங்கள்.